ஈடு வைக்க இயலாத நிலம்



கோடை விடுமுறையில் தெற்கு டகோட்டா மாநிலத்திற்குச் சென்று, ரஷ்மோர் மலையில் செதுக்கப்பட்டுள்ள நான்கு குடியரசுத் தலைவர்களின் முகங்களைக் கண்டு, நிழற்படமும் எடுத்துக்கொண்டு திரும்பிய குடும்பங்கள் நம் பள்ளியில் பல உண்டு. சென்ற ஆண்டு மேல்வகுப்பு மாணவி ஒருத்தி அங்கு வாங்கிய பொருளொன்றை வகுப்பிற்குக் கொண்டு வந்தாள். சிறு வளையத்தினுள் நூலால் வலை பின்னி, கீழே இறகுகள் தொங்கவிடப்பட்ட ‘கனவு பிடிப்பான்’ அது. “இது அங்குள்ள பழங்குடி மக்கள் கையால் செய்தது” என்று அவள் பெருமையோடு கூறினாள். நாம் அதனை வாங்கித் திருப்பிப் பார்த்தபோது, பின்புறம் ஒட்டியிருந்த சிறு சீட்டில் கடல் கடந்த வேறொரு நாட்டின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அதுமட்டுமன்று. கனவு பிடிப்பான் என்பது அம்மலைப் பகுதிக்குரிய லகோட்டா மக்களின் மரபுப் பொருளே அன்று. பேரேரிகளை அடுத்து வாழும் ஒஜிப்வே மக்களிடையே தோன்றியது அது.

அந்த அங்காடியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் பைன் ரிட்ஜ் என்னும் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்தின் நடுவிலுள்ள கைல் என்ற சிற்றூரை அடையலாம். ஒக்லாலா லகோட்டா மக்களின் தாயகம் அது. மணிகளைக் கோத்து அணிகலன் செய்வோரும், முள்ளம்பன்றி முட்களைச் சாயமிட்டுத் தோலில் பதிப்போரும், எண்முனை விண்மீன் வடிவில் துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்போரும் அங்கு வீட்டுக்கு வீடு உள்ளனர். அவர்கள் செய்யும் பொருள் மலையடிவாரத்து அங்காடிக்கு ஏன் வந்து சேரவில்லை? மாணவியின் இந்த வினாவிற்கு அன்று எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் தேடிப் படித்தறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் நிலத்தின் கதையைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். 1868 ஆம் ஆண்டு லாரமி கோட்டையில் அமெரிக்க அரசு செய்துகொண்ட உடன்படிக்கை, கருங்குன்றுகள் உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பை லகோட்டா மக்களுக்கே உரியதென உறுதி கூறியது. ஆறு ஆண்டுகளில், அதாவது 1874 இல், குன்றுகளில் பொன் இருப்பது தெரியவந்தது. 1877 இல் அரசு அக்குன்றுகளை எடுத்துக்கொண்டது. 1889 இல் எஞ்சிய நிலமும் துண்டாடப்பட்டு, அத்துண்டுகளுள் ஒன்றாகப் பைன் ரிட்ஜ் அமைந்தது. 1980 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கருங்குன்றுகள் உரிய இழப்பீடின்றிப் பறிக்கப்பட்டன என ஏற்று, 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை வழங்கிய தீர்ப்பை உறுதி செய்தது. அம்மக்கள் அப்பணத்தைத் தொட மறுத்துவிட்டனர். நிலத்தை விற்றதாக ஒப்புக்கொள்ள நேருமே என்பது அவர்கள் கூறிய காரணம். வட்டியோடு வளர்ந்து நூறு கோடி டாலரைத் தாண்டிய அத்தொகை இன்றும் கருவூலத்திலேயே கிடக்கின்றது. நாட்டின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றில் வாழும் மக்கள் எடுத்த முடிவு இது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நாம் நிழற்படம் எடுத்துக்கொள்ளும் அந்த ரஷ்மோர் மலையும் அக்குன்றுகளுள் ஒன்றே.

இனி நம் வினாவிற்கு வருவோம். ஒருவர் கடை திறக்க விரும்பினால் முதற்கண் வேண்டுவது முதல். முதல் இல்லாதவர் கடன் பெறுகின்றார். கடன் கொடுப்பவர் ஈடு கேட்கின்றார். நம் பெற்றோர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஊரில் அம்மாவின் வளையல்களை அடகு வைத்தும், தோட்டத்து உறுதியை ஈடு வைத்தும் வெளிநாட்டுப் பயணச்சீட்டு வாங்கியோர் நம்மிடையே உள்ளனர். இந்நாட்டில் வணிகம் தொடங்குவோரில் பலரும் தம் வீட்டின் மீது வங்கியில் கடன் பெற்றே தொடங்குகின்றனர். ஆனால் பைன் ரிட்ஜில் ஒருவர் தம் பாட்டனார் காலத்து நிலத்தில், தாமே கட்டிய வீட்டில் வாழ்ந்தாலும், அதனைக் காட்டி எளிதிற் கடன் பெற இயலாது. அங்குள்ள நிலத்தில் பெரும்பகுதி நடுவண் அரசின் பொறுப்பில் வைக்கப்பட்டுள்ளது. பயன்படுத்தும் உரிமை குடிகளுக்கு. பத்திரம் அரசின் பெயரில். ஈடு வைப்பதாயின் பழங்குடி அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். அவ்வொப்புதல் வருவதற்கு மாதங்கள் ஆகும். சிலவேளை ஆண்டுகளும் ஆகும். கடன் திரும்பாவிடின் நிலத்தை ஏலத்தில் விற்க முடியாதென்பதால் வங்கிகளும் தயங்குகின்றன.

“அவ்வாறெனில் அச்சட்டத்தை நீக்கிவிடலாமே?” என்று மாணவர் சிலர் கேட்டனர். அவசரப்படலாகாது. 1887 ஆம் ஆண்டுச் சட்டமொன்று பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனிக் குடும்பங்களுக்குப் பிரித்தளித்தது. ‘மிச்சம்’ எனக் கருதப்பட்டது பிறருக்கு விற்கப்பட்டது. பிரித்தளித்ததும் வரியாலும் கடனாலும் ஏமாற்றாலும் கைமாறியது. நாடு முழுவதும் பழங்குடிகளிடம் இருந்த 13 கோடியே 80 லட்சம் ஏக்கர் நிலம், 1934 இல் அம்முறை நிறுத்தப்பட்டபோது 4 கோடியே 80 லட்சம் ஏக்கராகக் குறைந்திருந்தது. எஞ்சியதை விற்க முடியாதபடி காத்த வேலியே இன்று கடன் பெறவும் முடியாதபடி நிற்கின்றது. வேலியைப் பிடுங்கினால் நிலம் போகும். வேலி நின்றால் கடை வராது. இந்த முடிச்சைப் புரிந்துகொண்டாலன்றி அம்மக்களின் தொழில் முயற்சியை நாம் சரியாக மதிப்பிட முடியாது. போதாக்குறைக்குப் பிரித்தளித்த துண்டுகள் தலைமுறைதோறும் வாரிசுகளிடையே பங்காகி, ஒரே வயலுக்கு நூற்றுக்கணக்கானோர் உரிமையாளராக உள்ள நிலையும் உண்டு. ஊரில் பங்கு பிரிக்கப்படாத முதுசொம் வைத்திருப்போர்க்கு இதன் தொல்லை நன்கு விளங்கும்.

லகோட்டா மக்கள் வணிகம் அறியாதவர் என்று எண்ணுவதும் பிழை. மிசௌரி ஆற்றங்கரையில் பயிர் செய்து வாழ்ந்த மாண்டன், அரிகரா மக்களுக்குத் தோலும் இறைச்சியும் கொடுத்துச் சோளம் வாங்கியவர் அவர். ஒதுக்கீட்டு நிலத்திற்குள் அடைபட்ட பின்னர்தான், அரசின் உரிமம் பெற்ற வெளியார் நடத்தும் கடைகளில் அவர் வாங்குவோராக மட்டும் ஆயினர். அதற்குப் பின்னரும் தொழில் அழியவில்லை. அது அடுக்களை மேசைக்கு இடம் மாறியது. 2013 இல் வெளியான ஆய்வொன்று பைன் ரிட்ஜின் பழங்குடி வீடுகளில் 51 விழுக்காடு, ரொக்க வருவாய்க்கு வீட்டுத் தொழிலை நம்பியிருப்பதாகவும், அத்தொழில்களில் 79 விழுக்காடு ஏதேனும் ஒரு மரபுக் கலையைச் சார்ந்தது எனவும் கூறிற்று. பெயர்ப்பலகையும் இல்லை, கல்லாப்பெட்டியும் இல்லை; ஆயினும் அவையும் தொழில்களே. அரசின் கணக்கேட்டில் இவர்கள் வேலையற்றோர் எனப் பதிவாகியிருக்கவும் கூடும்.

1986 ஆம் ஆண்டு கைல் நகரில் ‘லகோட்டா ஃபண்ட்ஸ்’ என்னும் கடன் நிதியம் தோன்றியது. ஒக்லாலா லகோட்டா கல்லூரியைச் சார்ந்தோர் அதன் தோற்றத்திற்குத் துணை நின்றனர். அவ்வேளை அங்கு லகோட்டா மக்களுக்கே உரிய கடைகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருந்தன. கடன் கேட்டு வந்தோரில் பெரும்பாலோர் வாழ்நாளில் வங்கிக் கணக்கே வைத்திராதவர். ஈடு இல்லை, கடன் வரலாறும் இல்லை. இவர்களுக்கு எவ்வாறு கடன் கொடுப்பது? விடை எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் ஊர்ப்பக்கத்து வங்காளதேசத்திலிருந்து! அங்கு முகமது யூனுஸ் தொடங்கிய கிராமீன் வங்கி, ஏழைப் பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருவர்க்கு ஒருவர் பொறுப்பாகக் கடன் வழங்கி வந்தது. ஒருவர் தவணை தவறினால் குழுவின் ஏனையோர்க்கு அடுத்த கடன் கிடைப்பது தடைப்படும். நிலத்திற்கும் நகைக்கும் பதிலாக ஒருவரது சொல்லும், அதனை அறிந்த அயலாரின் நம்பிக்கையுமே ஈடாக நின்றன. அம்முறையைக் கைல் நகரத்தார் தம் நிலைக்கேற்பக் கையாண்டனர். மணியும் தோலும் துணியும் வாங்கச் சில நூறு டாலர்களே முதற் கடனாக அமைந்தன.

இதைப் படிக்கும் பெற்றோர் பலர் இந்நேரம் புன்னகைத்திருப்பர். சீட்டுப் பிடித்து முதல் வீட்டிற்கு முன்பணம் கட்டியோரும், சீட்டுக் காசில் மளிகைக் கடை வைத்தோரும் நம்மிடையே குறைவோ? வந்த புதிதில் எந்த வங்கி நம்மை நம்பிற்று? ஒரே ஊரார், ஒரே தெருவார் என்ற அறிமுகமே அன்று நமக்கு ஈடாக இருந்தது. ஆனால் வேறுபாடு ஒன்றுண்டு. சில ஆண்டுகளில் நாம் வங்கிக்குள் நுழைந்துவிட்டோம். வாங்கிய வீடே ஈடாகிவிட்டது. பைன் ரிட்ஜில் அந்த இரண்டாம் படி வெகுகாலம் இல்லாமலிருந்தது.

கடன் மட்டும் போதவில்லை என்பதையும் நிதியத்தார் விரைவில் உணர்ந்தனர். கணக்கு எழுதவும், விலை நிர்ணயிக்கவும், வரி கட்டவும் பயிற்சி சேர்ந்தது. இவற்றைவிடக் கடினமானது வேறொன்று. அது மக்களின் பண்பிலேயே இருந்தது. லகோட்டா மக்கள் ‘தியோஷ்பாயே’ என்னும் விரிந்த உறவுக் குழுவாக வாழ்பவர். தந்தையின் உடன்பிறந்தானை அவர் மொழியில் தந்தை என்ற சொல்லாலேயே அழைப்பர். தாயின் உடன்பிறந்தாளைத் தாய் என்றே அழைப்பர். தந்தையின் உடன்பிறந்தாளுக்கும் தாயின் உடன்பிறந்தானுக்கும் மட்டுமே வேறு சொற்கள் உள. பெரியப்பா, சித்தப்பா, சின்னம்மா என்னும் சொற்களில் நம் அப்பாவும் அம்மாவும் ஒளிந்திருக்க, அத்தையும் மாமாவும் தனித்து நிற்கின்றனரே, அதுபோல! மாணவர்களே, ஆங்கிலத்தில் இவர் அனைவரும் ஒரே ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ ஆகிவிடுவதையும் இவ்விடத்தில் எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய சமூகத்தில் சேர்த்து வைப்பவனைவிடக் கொடுப்பவனே பெரியவன். இறந்தோர் நினைவாகவும் சிறப்புப் பெற்றோரைப் போற்றவும் வீட்டிலுள்ள பொருள்களைப் பிறர்க்கு வாரி வழங்கும் விழா அவர்களிடையே இன்றும் நிகழ்கின்றது. விண்மீன் போர்வைகள் பல அவ்வாறே கைமாறுகின்றன. கடை வைத்தவர் வீட்டிற்கு உறவினர் வந்து, “பிறகு தருகிறேன்” என்று பொருளை எடுத்துச் சென்றால் அவர் எவ்வாறு மறுப்பார்? மறுத்தால் உறவு போகும். மறுக்காவிடின் கடை போகும். “கடன் அன்பை முறிக்கும்” என்று கடைச் சுவரில் எழுதி வைத்த நம் ஊர் முதலாளிமார் இதே இக்கட்டில் நின்றவர்களே. வெளியிலிருந்து வரும் அறிவுரையாளர் இதனைக் குறையென்று கூறுவதுண்டு. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வங்கி இல்லாத இடத்தில் உறவே வங்கியாக இருந்தது. ஏட்டில் எழுதப்படாத காப்புறுதியும் அதுவே.

2012 ஆம் ஆண்டு கைல் நகரில் லகோட்டா கூட்டுறவுக் கடன் சங்கம், நடுவண் அரசின் காப்புறுதியோடு தொடங்கப்பட்டது. அப்போது அவ்வொதுக்கீட்டு நிலத்தில் அரசுக் காப்புறுதி பெற்ற வேறு வங்கி எதுவும் இருக்கவில்லை. நிலத்தின் பரப்போ 3,000 சதுர மைலுக்கும் மேல்! சம்பளக் காசோலையை மாற்ற ரேப்பிட் சிட்டி வரை ஏறத்தாழ 90 மைல் சென்றவர், அங்கேயே அரிசியும் துணியும் வண்டிக்கு எண்ணெயும் வாங்கித் திரும்புவார். இவ்வாறு ஊருக்குள் வந்த பணம் ஒரு கை கூட மாறாமல் வெளியேறிற்று. இதன் கொடிய வடிவத்தைத் தெற்கு எல்லையில் காணலாம். பைன் ரிட்ஜில் மது விற்பனைக்குத் தடை உண்டு. எல்லைக் கோட்டிற்கு அப்பால், நெப்ராஸ்கா மாநிலத்தில், பத்துப் பன்னிரண்டு பேரே வாழ்ந்த வைட்கிளே என்னும் இடத்தில் நான்கு கடைகள் ஆண்டுதோறும் பல லட்சம் பியர் குவளைகளை விற்று வந்தன. வாங்கியோர் யாரென்று கூற வேண்டியதில்லை. நெடும் போராட்டத்தின் பின்னர் 2017 இல் அக்கடைகளின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. அதே ஊரில் பின்னர் கைவினைஞர்களுக்கான பொதுப் பட்டறையொன்று எழுந்தது.

வங்கிக்கு வர முடியாதோரிடம் வங்கியே சென்ற கதையும் உண்டு. ரேப்பிட் சிட்டியிலிருந்து பழங்குடிக் கலைஞர்களுக்கு உதவும் ‘ஃபர்ஸ்ட் பீப்பிள்ஸ் ஃபண்ட்’ என்னும் அமைப்பு ஒரு பேருந்தைக் கலைக்கூடமாக மாற்றி ஊர் ஊராக ஓட்டியது. கலை வகுப்பும், தொழிற் பயிற்சியும், கடன் சங்கத்தின் சேவையும் அந்த ஒரே வண்டியில் வந்தன.

பொருள் செய்தாயிற்று, கடனும் பெற்றாயிற்று, இனிச் சந்தை. இங்குதான் துணிவும் துயரமும் கலந்த ஒரு கதை நமக்குக் கிடைக்கின்றது. பைசன் எனப்படும் காட்டெருமையின் இறைச்சியை உலர்த்தி இடித்து, காட்டுப் பழங்களும் கொழுப்பும் சேர்த்து ‘வஸ்னா’ என்னும் கட்டுச்சோறு போன்ற உணவைச் செய்வது லகோட்டா மரபு. கோடிக்கணக்கில் மேய்ந்த அவ்விலங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆயிரத்திற்கும் குறைவாக அருகியதையும், அதனோடு ஒரு மக்களின் உணவும் உடையும் கூடாரமும் போனதையும் வரலாற்று வகுப்பில் படித்திருப்பீர்கள். 2006 இல் கார்லீன் ஹன்டர், மார்க் டில்சன் என்னும் இருவர் கைல் நகரில் ஒரு நிறுவனம் தொடங்கி, பைசன் இறைச்சியும் கிரான்பெரிப் பழமும் சேர்த்து, ‘டாங்கா’ என்ற பெயரில் கையடக்கத் துண்டுகளாக விற்றனர். டாங்கா எனின் லகோட்டா மொழியில் ‘பெரிய’ என்று பொருள். பெயருக்கேற்ப நாடெங்கும் கடைகளில் அது இடம் பிடித்தது. இறைச்சியில் இத்தகைய துண்டு செய்யலாம் என்பதையே பலர் அப்போதுதான் அறிந்தனர்.

அறிந்தவர் சும்மா இருப்பரோ? டெக்சாஸ் மாநிலத்து ‘எபிக்’ என்னும் நிறுவனமும் பைசன் துண்டுகளைக் கொண்டு வந்தது. அதனை 2016 இல் ஜெனரல் மில்ஸ் என்னும் பெருநிறுவனம் விலைக்கு வாங்கிற்று. பெருமுதல் பின்னால் நிற்கையில் கடைத் தட்டுகளில் இடம் எளிதிற் கிடைக்கும். டாங்காவின் விற்பனை சரிந்து, நிறுவனம் மூடும் நிலைக்கு அருகே சென்றது. பின்னர் நைமன் ராஞ்ச் என்னும் இறைச்சி நிறுவனத்தோடு கூட்டு அமைத்து மீண்டும் எழ முயன்றது. இதில் சட்டப்படி எவரும் குற்றம் செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பாட்டிமார் செய்துவந்த உணவுக்கு யார் காப்புரிமை பெறுவது? முதலில் சந்தைக்கு வந்தவர் அவரே; ஆனால் தளர்ந்த ஆண்டில் தாங்கிப் பிடிக்கப் பின்னால் ஒரு மூலதனம் அவருக்கு இல்லை. ஈடு வைக்க இயலாத நிலத்தின் விளைவு, நிறுவனம் பெரிதான பின்னும் இவ்வாறு துரத்துகின்றது.

கைவினைப் பொருளுக்கு ஓரளவு சட்டக் காப்பு உண்டு. 1990 ஆம் ஆண்டின் சட்டப்படி, பழங்குடியார் செய்யாத பொருளைப் பழங்குடியார் செய்தது என்று கூறி விற்பது குற்றம். தனி ஒருவர் முதன்முறை செய்யும் குற்றத்திற்கே 2,50,000 டாலர் வரை தண்டமும், ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஆனால் விற்பவர் அவ்வாறு வாய்திறந்து கூறவில்லையெனில்? இறகும் மணியும் தொங்கவிட்டு, பின்புறம் வேறு நாட்டின் பெயரையும் நேர்மையாக அச்சிட்டுவிட்டால் சட்டம் ஒன்றும் செய்யாது. நம் மாணவி வாங்கிய பொருளின் நிலை அதுவே. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று நம்பி வாங்கி வந்த அனுபவம் உள்ள தாய்மார்க்கு இது புதிதன்று. “இதனைச் செய்தவர் பெயர் என்ன, எக்குடியைச் சேர்ந்தவர்?” என்று கடையில் கேட்பது ஒன்றே வழி. உண்மையில் செய்தவரிடமிருந்து வாங்கி விற்கும் கடைக்காரர் இக்கேள்விக்கு மகிழ்ந்து விடை கூறுவார்.

இவ்வாண்டு விழாவில் மொழித்திறன் போட்டியில் வென்ற மாணவியர்க்கு வழக்கமான வெற்றிக் கிண்ணத்திற்குப் பதிலாக, பைன் ரிட்ஜில் ஒரு பெண்மணி கோத்த மணிக் காதணிகளை வழங்குவதென முடிவு செய்தோம். ஒரு சோடியின் விலை 45 டாலர். ஆசிரியர் கூட்டத்தில், “இது அதிகமன்றோ? பத்து டாலருக்குக் கிடைக்கின்றதே, மொத்தமாக வாங்குவதால் குறைக்கச் சொல்லலாமே” என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். கேட்டதில் தவறில்லை, பேரம் பேசாமல் வாங்குவது நம் இயல்பும் அன்று. கனவு பிடிப்பானைக் கொண்டு வந்த அதே மாணவி அம்மடலை வாங்கிப் படித்தாள். ஒரு சோடிக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும் என்று செய்தவர் அதில் எழுதியிருந்தார். மணி, தோல், நூல், அஞ்சல் ஆகியவற்றுக்கு 9 டாலர். எஞ்சுவது 36. மாணவி கரும்பலகையில் வகுத்து எழுதினாள்: ஒரு மணி நேரத்திற்கு 6 டாலர். அதன் அருகே, 2009 முதல் இந்நாட்டின் நடுவண் அரசு விதித்துள்ள குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சதம் என்றும் எழுதிவிட்டு அமர்ந்தாள். பெற்றோர் சிறிது நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “பன்னிரண்டு சோடிக்குமான காசோலையை இன்றே அனுப்பிவிடுவோம், அவர் நூல் வாங்க வேண்டுமல்லவா” என்றார்.